புளோயருக்குப் போட்ட மாலை

மரியாதை கேட்டு யாரிடமும் சண்டை போடாதீர்கள். சில சமயம் கொடுத்துத் தொலைத்துவிடுவார்கள்.

நான் ஒருமுறை அப்படிச் சண்டை போட்டு ஜெயித்தேன். எனக்காகக்கூட இல்லை, ஒரு சாக்கடைத் தொட்டிக்காக. கேட்ட மரியாதை கிடைத்த நாற்பத்து நான்கு மணி நேரத்துக்குள் அந்தத் தொட்டியிலிருந்த அத்தனை உயிர்களும் செத்துப்போயின. எத்தனை என்று கேட்காதீர்கள். ஒரு சொட்டில் இருப்பதையே எண்ணி முடிக்க முடியாது; அது நீச்சல் குளம் அளவுக்குப் பெரிய தொட்டி. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆயுத பூஜையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் பல்லைக் கடிக்கிறேன். (பல் டாக்டர் இதைப் பற்றி இரண்டு முறை எச்சரித்திருக்கிறார்.)

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நாற்கரச் சாலை போடுகிறேன் என்று வழியெல்லாம் மண்ணைக் குவித்து வைத்திருந்த காலம் அது. நான் கோவில்பட்டிக்காரி. எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்த அண்ணன் வீட்டில் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தேன். சூளகிரி தாண்டி ஒரு பழக்கூழ் ஃபேக்டரியில் உடனே வேலை கிடைத்தது. என் மார்க்கைப் பார்த்து எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்டர்வியூவில் மார்க் ஷீட்டை யாரும் திறக்கக்கூட இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் பார்த்தது முனியப்பாவின் மனுவை. முனியப்பா, ஃபேக்டரியின் பின்சுவரை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருந்த விவசாயி. மாங்காய் சீசன் முழுக்க ஃபேக்டரி கழுவித் தள்ளிய சர்க்கரைத் தண்ணீர் சுவருக்கு அந்தப் பக்கம் தேங்கி, அழுகி, பூமிக்குள் இறங்கி அவர் கிணற்றையே நாறடித்துவிட்டது. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. தக்காளி காய்ந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய், கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று, அதே மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்துக் கொடுத்து, கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் நேரில் வந்து, சுத்திகரிப்புத் தொட்டியை ஓட்ட ஆள் எங்கே என்று கேட்டார். தொட்டி இருந்தது. கட்டிய நாளிலிருந்து அதில் மழைத் தண்ணீரும் தவளையும்தான் இருந்தன. ஆள் வேண்டுமே என்று என்னை எடுத்தார்கள்.

விஷயம் சுலபமானதுதான். பழம் கழுவிய தண்ணீரை ஒரு தொட்டியில் விட்டு, அடியிலிருந்து இடைவிடாமல் காற்றை ஊத வேண்டும். காற்று இருந்தால் வாழும் பாக்டீரியாக்கள் அதில் பெருகி, தண்ணீரில் இருக்கும் சர்க்கரையையும் சக்கையையும் தின்றுவிடும். தின்று கொழுத்த கூட்டம் சேறாகக் கீழே படியும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அதைத் தைரியமாக வயலுக்கு விடலாம். காற்று ஊதும் மெஷினுக்குப் பெயர் புளோயர். அது நின்றால் உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சு நின்றுவிடும். மொத்தப் பாடமும் இவ்வளவுதான். இதைப் படிக்கத்தான் நான் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டேன்.

தொட்டியில் முதல் பாக்டீரியாவைக் கொண்டுவந்து விட வேண்டுமே? அதற்கு மாட்டுச் சாணிதான். பக்கத்தில் மாடு வைத்திருந்தவர் முனியப்பா ஒருவர்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னை முதல் நாளிலிருந்தே "அம்மாயி" என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அதில் பாசம் எதுவும் இல்லை.

"எங்கூட்டுக் கெணத்த நாசம் பண்ணிட்டு, எங்கூட்டுச் சாணியவே கேக்கறீங்களா? இன்னா தெகிரியம் அம்மாயி உனக்கு!"

"அந்தக் கெணத்தச் சரி பண்ணத்தான் கேக்கேன். ஒரே ஒரு மாசம் குடுங்க. அதுவரைக்கும் மனு குடுக்காதீங்க. ஆயுத பூஜை முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை அந்த ஆபீசரையே கூட்டிட்டு வாங்க. உங்க முன்னாடி தண்ணி புடிச்சுக் காட்டுதேன்."

"காட்டலன்னா?"

"காட்டுவேன்."

"அதான் கேக்கறன். காட்டலன்னா?"

"காட்டலன்னா என்னைய எதுன்னாலும் கேளுங்க," என்றேன். இருபத்து மூன்று வயதில் என் வாய்க்கு அப்படி ஒரு நீளம் இருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் காலையில் சுவரோரம் பதினைந்து சாக்குச் சாணி இருந்தது. அந்த மாதத் திங்கட்கிழமைகளில் அவர் கிருஷ்ணகிரிக்குப் போகவில்லை.

நான் அந்தத் தொட்டியை வளர்த்தேன். வெல்லம் கரைத்து ஊற்றினேன், யூரியா போட்டேன், காலையும் மாலையும் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் எடுத்து அரைமணி நேரம் வைத்து எவ்வளவு சேறு படிகிறது என்று அளந்தேன். முதல் வாரம் சாணித் தண்ணீர்தான். மூன்றாவது வாரம் தொட்டி நல்ல டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை வந்தது. அன்றைக்கு முனியப்பாவைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டைக் காட்டினேன். காம்பு வைத்த சின்ன மணிகளைப் போல ஒரு கூட்டம், சுருங்கிச் சுருங்கி நிமிர்ந்து தின்றுகொண்டிருந்தது.

அவர் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "இதெல்லாம் எம்மாட்டு வயித்துல இருந்ததா?" என்றார்.

"கொஞ்சம் உங்க மாடு. மிச்சம் தானா வந்து சேர்ந்துக்கிட்டது."

"எம்மாட்டோடதுதான்," என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபேக்டரியில் யாருக்கும் இது தெரியாது. அவர்களுக்கு அது நாத்தத் தொட்டி. நான் நாத்தத் தொட்டி மேடம். கேன்டீனில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும். நாறாத தொட்டியை நாத்தத் தொட்டி என்று சொல்கிறார்களே என்று எனக்கு தினமும் ஆத்திரம் பொங்கும். அந்த ஆத்திரத்தோடுதான் ஆயுத பூஜை மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன்.

ஃபேக்டரி மேனேஜர் பட்டியல் வாசித்தார். சேலத்துக்காரர், எந்த வேலையையும் பட்டியல் போடாமல் செய்ய மாட்டார். பாய்லர், பழம் அரைக்கும் மெஷின், ஃபோர்க்லிஃப்ட், மூன்று லாரி, கேன்டீன் கிரைண்டர், வருகைப்பதிவு மெஷின், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள். கடைசியாகத் தன் மேஜை ஸ்டேப்ளர். போன வருடம் ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைக்க மறந்ததால் வருடம் பூராவும் பின் மாட்டிக்கொண்டதாம்.

"சார், ஈ.டி.பி. பேரு லிஸ்ட்ல இல்லையே?" என்றேன்.

"எது?"

"ஈ.டி.பி. சார். பின்பக்கம்."

"நாத்தத் தொட்டியா? சாமி படத்தைக் கொண்டுபோய் சாக்கடை பக்கத்துல வைக்கச் சொல்றியாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். (எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். உட்கார்ந்த இடத்தில் ஒரு வடையைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம்.)

"ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைப்பீங்க, அதுக்கு வைக்க மாட்டீங்களா சார்? இந்த ஃபேக்டரியிலயே உசுரோட இருக்கிற ஒரே மெஷின் அதுதான். ராப்பகலா ஓடுது. ஒருநாள் லீவு கிடையாது. அது நின்னா நாளைக்கே கேட்டைச் சாத்திட்டுப் போகச் சொல்லிருவாங்க. அதுக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூடக் கிடையாதா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்து மானத்தை வாங்கும். மேனேஜர் பயந்துபோனார்.

"சரிம்மா, கத்தாதே. உன் தொட்டியையும் சேர்த்துக்கறேன். மத்த மெஷினுக்கு என்னென்ன செய்றமோ அத்தனையும் அதுக்கும் செஞ்சுடலாம். திருப்தியா?"

திருப்தி என்றேன். மற்ற மெஷினுக்கு என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. ஆயுத பூஜை எனக்கென்ன தெரியாததா? பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதற்காகவே, சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் அடுக்கியவள் நான். தொடக்கூடாது என்ற அந்தச் சட்டம் புளோயருக்கும் உண்டு என்று, தங்க மெடல் வாங்கிய என் மண்டைக்கு எட்டவில்லை. ஒருநாள் லீவு கிடையாது என்று பெருமையாகச் சொன்னது வேறு நானேதான். கேட்டு இரக்கப்பட்டு லீவு கொடுத்துவிட்டார்கள்.

பூஜைக்கு முந்தின நாள் ஃபேக்டரி முழுக்கக் கழுவல். மற்ற இடங்களில் எல்லாம் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நம் இடம் மட்டும் குறைச்சலா? ஹவுஸ்கீப்பிங் பெண்களை நானே அழைத்துக்கொண்டு போனேன். தொட்டியைச் சுற்றியிருந்த தரையில் பாசி பிடித்திருந்தது. அவர்கள் பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சமாகத் தூவினார்கள்.

"நல்லாப் போடுங்கக்கா," என்றேன். "இன்னும் ரெண்டு டப்பா. நாத்தத் தொட்டின்னு இனிமே ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது."

போட்டார்கள். தேய்த்தார்கள். வெள்ளையாக நுரைத்து ஓடிய தண்ணீர் தரையோரக் கால்வாயில் இறங்கியது. அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்பது அந்த ஃபேக்டரியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அந்த ஆள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தரை எவ்வளவு வெளுப்பாகிவிட்டது என்று ரசித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும் என்பது எல்.கே.ஜி. குழந்தைக்குத் தெரியும். முதுகலைப் பட்டதாரிக்கு மறந்துவிட்டது!

புதன்கிழமை பூஜை. முதலாளி பெங்களூரிலிருந்து வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். ஐயர் ஒவ்வொரு மெஷினாக வந்து, மதியம் இரண்டு மணிக்குத் தொட்டிக்கு வந்தார். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தேன். புளோயருக்குச் சந்தனம், குங்குமம், என் கையால் கட்டிய செவ்வந்தி மாலை. மாலை போடும் நேரத்தில் எலெக்ட்ரீஷியன் மஞ்சுநாத் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணினார். அத்திப்பள்ளியிலிருந்து வந்துபோகும் கன்னடக்காரர், தங்கமான மனிதர். ஒரு மாதமாக உறுமிக்கொண்டிருந்த புளோயர் சட்டென்று அடங்கியது. முதல்முறையாக அங்கே குருவிச் சத்தம் கேட்டது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் தொட்டிக்காக ஃபேக்டரியே கையைக் கூப்பி நிற்கிறது! தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகு, "மஞ்சு சார், போடுங்க," என்றேன்.

"என்ன மேடம் போடறது?"

"புளோயரை."

"ஐயோ மேடம்!" அவர் நிஜமாகவே ஒரு அடி பின்னால் போனார். "பூஜை ஆயித்து. மெஷின் மலகிருக்கு, தூங்குது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத்தான் எழுப்பணும். நடுவுல தொட்டா ஆகாது மேடம். போன வருஷம் பக்கத்து கம்பெனியில ஒருத்தன் தொட்டு விரல் போயிடுச்சு."

"அது லேத் மெஷினா இருக்கும். இது புளோயர். உள்ளே இருக்கிறதெல்லாம் செத்துப்போயிரும்!"

"உள்ளே என்ன மேடம் இருக்கு?"

அவரிடம் விளக்க நேரமில்லை. மேனேஜரிடம் ஓடினேன். அவர் எல்லா மெஷின்களின் ஸ்விட்ச் பெட்டிச் சாவிகளையும் சேர்த்துக் கட்டி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, அந்த அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கேட்டார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீதானேம்மா அழுது கேட்டே? செஞ்சா ஒழுங்கா செய்யணும். பாதியில எழுப்பினா முதலாளிக்கு நான் பதில் சொல்லணும். ரெண்டு நாள்தானே, உன் பூச்சிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது." பொரிப் பொட்டலத்தையும் ஸ்வீட் டப்பாவையும் என் கையில் திணித்துவிட்டுச் சேலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. அவர் மேல் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கால் பங்கு, அந்த ஸ்வீட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் மேல். அவளுக்குத் தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் அவள். ஒரு சுத்தியலை எடுத்து அந்தப் பூட்டை உடைத்திருக்க வேண்டாமா? முதலாளியின் கார் கிளம்புவதற்குள் குறுக்கே விழுந்திருக்க வேண்டாமா? ஒரு எலுமிச்சம்பழத்துக்காக மீட்டிங்கில் வீரவசனம் பேசியவள், உயிர் போகும் நேரத்தில் 'வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகலையே' என்று யோசித்தாள். வீட்டுக்குப் போய் அந்த ஸ்வீட்டையும் தின்றாள். மைசூர்பாகு.

விஜயதசமி அன்று மனசு கேட்காமல் ஃபேக்டரிக்குப் போனேன். லீவு நாளில் யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு என்றார் வாட்ச்மேன். மேனேஜரின் செல்போன் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்தது. சுற்றிக்கொண்டு பின்சுவர் பக்கம் போனேன். மண் வாசனை போயிருந்தது. லேசாக, அழுகின முட்டை வாசனை. முனியப்பா மாட்டை மேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

"இன்னா அம்மாயி, நேத்துலேந்து சத்தமே காணோம்?"

அவர் கண்ணைப் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனிதர் சுவர் ஏறிக் குதித்தாவது ஏதாவது செய்திருப்பார்.

"சர்வீஸ் நடக்குது," என்றேன்.

"நாளைக்கு ஆபீசர் வர்றாரு. நான் போய்ச் சொல்லிட்டு வந்துட்டன்."

"வரட்டும்," என்றேன். அந்த 'வரட்டும்' இன்னும் என் காதில் கேட்கிறது. அறைய வேண்டும் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு நல்ல நேரம். முதலாளி மறுபடியும் வெள்ளை வேட்டி. அதிகாரி ஒன்பதரைக்கே முனியப்பாவோடு வந்துவிட்டார். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அதிகாரி முன்னாலேயே புளோயரை ஓட்டி அசத்திவிடலாம் என்று எல்லோரையும் தொட்டியின் விளிம்புக்கே அழைத்துக்கொண்டு போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தேன். "சார், இப்ப ஓட்டாதீங்க. முதல்ல அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க." நல்ல நேரம் போய்விடும் என்று கையை உதறிக்கொண்டார்.

மேலே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஆடை படிந்து அமைதியாக இருந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். மஞ்சுநாத் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்விட்ச்சைத் தட்டினார்.

முதலில் புளோயர், நான் போட்ட மாலையைக் காற்று இழுக்கும் வாயில் உறிஞ்சிக்கொண்டு இருமியது. பிறகு வேகம் பிடித்தது. இரண்டு நாளாக அடியில் அழுகிக் கிடந்த மொத்தமும் ஒரே நேரத்தில் மேலே புரண்டு வந்தது. தார் போலக் கறுப்பு. அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. ஊரிலுள்ள அழுகின முட்டையை எல்லாம் ஒரே அறையில் உடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நுரை விளிம்பைத் தாண்டித் தெறித்தது. முதலாளியின் வேட்டியில் முழங்கால் வரை கறுப்பு. ஐயர் மணியைப் போட்டுவிட்டு ஓடினார். அதிகாரி கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் நெற்றியில், மேனேஜர் ஆசையாக வைத்துவிட்ட குங்குமம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

"இதுக்கு இன்சார்ஜ் யாரு?"

இருபது விரல்கள் என் பக்கம் நீண்டன. மேனேஜரின் விரல் முதல் விரல். "இந்தப் பொண்ணுதான் சார். நாங்க வேண்டாம்னுதான் சொன்னோம். பூஜை செஞ்சே ஆகணும்னு அழுது அடம் பிடிச்சாங்க."

பொய் என்று கத்த முடியவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. "ஆமா சார், நான்தான் கேட்டேன்," என்று ஆரம்பித்துக் கத்தித் தீர்த்துவிட்டேன். பிளீச்சிங் பவுடர், சாவி, சரஸ்வதி படம், சேலம் பஸ், மைசூர்பாகு வரை சொன்னேன். ஒரு மெஷினை மதிக்கிறதென்றால் அதை நிறுத்துகிறதுதானா என்று மேனேஜரைக் கேட்டேன். அழுகையில் பாதி யாருக்கும் புரியவில்லை என்று மஞ்சுநாத் பிறகு சொன்னார். அதிகாரி ஒரு பாட்டிலில் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, தொட்டி சரியாகும் வரை பழம் அரைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லோரும் முடித்த பிறகு முனியப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"சர்வீஸ்னு சொன்னியே, அம்மாயி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காட்டலன்னா எதுன்னாலும் கேளுன்னு சொன்ன. இப்பக் கேக்கறன். எஞ்சாணியத் திருப்பிக் குடு."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போய், காலிச் சாக்குகளை எடுத்துவந்து தொட்டி விளிம்பில் ஒவ்வொன்றாகப் போட்டார். பதினைந்து சாக்கு. பிறகு திரும்பிப் பார்க்காமல் போனார்.

சாணி இல்லாமல் தொட்டியை மறுபடி ஆரம்பிக்க முடியாது. தொட்டி இல்லாமல் பழம் அரைக்க முடியாது. கேட்டுக்கு வெளியே கொய்யா லாரிகள் வரிசையாக நின்று மணக்க ஆரம்பித்துவிட்டன. மேனேஜர் சாணிக்காக மூன்று ஊர் சுற்றினார். முனியப்பா அவருக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டிருந்தார். மாடு கட்டிய வீடுகளில்கூட, எங்களிடம் மாடே கிடையாது என்றார்களாம். மூன்றாம் நாள் முதலாளியே சுவரோரம் போய் நின்றார். முனியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். புளோயர் ஸ்விட்ச் பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்க வேண்டும். பழுது பார்ப்பதென்றாலும் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்து, அவர் வந்து திறந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். முதலாளி சாவியை எடுத்துக் கொடுத்தார். முனியப்பா அதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

தொட்டி உயிர் பிடிக்க நாற்பது நாள் ஆனது. மன்னிப்புக் கேட்டேன், காதில் வாங்கவில்லை. அந்த நாற்பது நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரிலேயே நின்றாலும், "அந்த அம்மாயி கிட்ட வெல்லம் பத்தலன்னு சொல்லு," என்று மஞ்சுநாத்திடம் சொல்வார். நாற்பத்தோராம் நாள், தெளிந்து வந்த தண்ணீரை வாளியில் பிடித்து மாட்டுக்கு முன்னால் வைத்தார். மாடு முகர்ந்தது. மாடு குடித்தது. "அம்மாயி, குடிச்சிடுச்சு," என்றார், நேராக என்னிடம். அன்றைக்கு நான் அழுததில் கோபம் கலந்திருக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் விடிந்ததிலிருந்து புளோயர் முன்னால் கயிற்றுக்கட்டில் போட்டு, கையில் மாட்டுக் கோலோடு உட்கார்ந்திருந்தார். குங்குமக் கிண்ணத்தோடு வந்த மேனேஜர் தூரத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். புளோயர் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த தையில் ஓசூரிலேயே எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாலையைத் தூக்கும் நேரம் பார்த்து, என் அண்ணன் கூட்டத்திலிருந்து கத்தினான்: "மாப்ளே, மாலை போடுறதோட நிறுத்திக்கிடுங்க! ஸ்விட்ச்ல கை வைச்சிராதீங்க!" மண்டபமே சிரித்தது. எதுவும் புரியாத மாப்பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்தது வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது.

முனியப்பா வெள்ளைச் சட்டையில் மேடைக்கு வந்தார். ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்கியபோது இடுப்பில் அந்தச் சாவி தெரிந்தது.

"இங்கயும் கொண்டு வந்துட்டீங்களா?" என்றேன்.

"பின்ன? ஊட்டுல வச்சிட்டு வந்தா எவனாச்சும் பொட்டு வச்சிடுவான்."

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், நான் குங்குமத்தை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போனால் போதும். மதினி போனைப் போட்டு, "கோமதி, உள்ள பால் இருக்குது, பாத்து," என்பாள். என் மகள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டு, "சாவி முனியப்பா தாத்தாகிட்ட இருக்கு," என்பாள். அவள் பின்னாலிருந்து கணவர் சிரிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைக்கிறேன்.